1 : 200 கோடி – கால்வாய்க்கரையில் நிறுத்திய சூரியக் குடும்பம்

சூரியக் குடும்பத்தைத் தாளில் வரையும்போது கோள்களின் பருமனுக்கு ஓர் அளவும் அவற்றின் தொலைவுக்கு வேறோர் அளவும் எடுத்துக்கொள்வது வழக்கம். தாளின் அகலத்துக்குள் அடக்க வேறு வழி இல்லை என்றாலும், அந்தப் படத்தையே பார்த்து வளரும் பிள்ளைகளின் மனத்தில் கோள்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதாகவே பதிந்துவிடுகிறது. பருமன், தொலைவு இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து, எங்கள் ஊர்க் கால்வாய்க்கரைச் சாலையில் ஒரு மாதிரி அமைத்தோம். பிரபஞ்சத்தின் வயதைக் காட்டும் நாடா ஒன்றையும் அதனுடன் சேர்த்தோம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதில் நடந்து பார்த்துவிட்டார்கள். வேறு ஊரில் யாரேனும் செய்ய விரும்பினால் பயன்படும் என்பதால், செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1 : 100 கோடி என்று வைத்தால் கணக்கு எளிது, ஆனால் நெப்டியூன் 4.5 கி.மீ. தொலைவுக்குப் போய்விடும், பிள்ளைகளை அவ்வளவு தூரம் அழைத்துச் சென்று திரும்ப முடியாது. 1 : 1,000 கோடி என்று வைத்தால் முழு அமைப்பும் 450 மீட்டரில் முடிந்துவிடும், ஆனால் பூமி 1.3 மி.மீ. ஆகச் சுருங்கும்; நிலவைக் கையில் பிடிக்கவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் 1 : 200 கோடி என்று வைத்துக் கணக்கிட்டபோதுதான் வேலை சுலபமாயிற்று. கிலோமீட்டரில் உள்ள விட்டத்தை 2,000 ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும்; தொலைவில் 10 லட்சம் கி.மீ. அரை மீட்டர் ஆகும். பூமியின் சராசரி விட்டம் 12,742 கி.மீ., ஆகவே மாதிரியில் 6.37 மி.மீ. சைக்கிளின் பின்சக்கர அச்சில் போடும் கால் அங்குல பால்ரஸ் குண்டு 6.35 மி.மீ. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் பொருள் எந்தச் சைக்கிள் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதாலேயே இந்த அளவுகோலை உறுதி செய்தோம்.

மற்றக் குண்டுகளுக்குப் பேரிங் கடைக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கு 6.05 மி.மீ. தேவை, 6 மி.மீ. குண்டு போதும். புதனுக்கு 2.44 மி.மீ. தேவை, 2.5 மி.மீ. குண்டு கிடைத்தது. செவ்வாய்க்கு 3.39 மி.மீ. வேண்டும், சைக்கிள் கடையில் உள்ள அரைக்கால் அங்குலக் குண்டு 3.18 தான் இருக்கும் என்பதால், அதை விட்டுவிட்டு 3.5 மி.மீ. குண்டை எடுத்தோம். யுரேனஸ் 25.4 மி.மீ., அதாவது சரியாக ஓர் அங்குலம். நெப்டியூன் 24.6 மி.மீ.; நீல நிறப் பெரிய கோலிகுண்டு ஒன்று வெர்னியர் காலிபரில் 25 காட்டியது, அதையே வைத்துக்கொண்டோம். வாங்கும்போதே காலிபரைக் கையில் வைத்திருப்பது நல்லது. கோலிகுண்டுகளில் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கிறது, சில உருண்டையாகவே இல்லை.

வியாழனுக்கு நடுக்கோட்டு விட்டம் 71.5 மி.மீ. வேண்டும். தோல் உரிந்த பழைய கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 22.5 செ.மீ. இருந்தது, அதற்குரிய விட்டம் 71.6 மி.மீ. சனிக்குப் பொருத்தமான பந்து எதுவும் கிடைக்கவில்லை. மரக்கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்ய வைத்தோம். அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. சனி வேகமாகச் சுழல்வதால் துருவப் பகுதியில் தட்டையாக இருக்கிறது, நடுக்கோட்டில் 60.3 மி.மீ. என்றால் துருவத்தில் 54.4 மி.மீ. தான். கடைசல்காரரிடம் இரண்டு அளவையும் எழுதிக் கொடுத்தபோது, அவர் அதே தட்டையுடன் வேப்ப மரத்தில் கடைந்து கொடுத்தார். எந்தக் கடைப் பந்திலும் அந்த வடிவம் கிடைத்திருக்காது. வளையங்களை ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் 137 மி.மீ. விட்டத்துக்கு வெட்டினோம். அகலத்தில் அது சரிதான், தடிமனில்தான் அளவுகோலை மீறுகிறது. தாளின் தடிமன் 0.1 மி.மீ., நம் கணக்கில் அது 200 கி.மீ.; உண்மை வளையங்களின் தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்களே. இதைப் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

குண்டுகளை நிறுத்தப் பழைய சைக்கிள் ஸ்போக்குகள் போதும். பேரிங் குண்டில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். தின்னரால் துடைத்துவிட்டு, ஸ்போக்கின் முனையை அரத்தால் சற்றுக் குழிவாக்கி, அரால்டைட் ஒட்டி ஓர் இரவு முழுவதும் விட்டால் பிறகு அசையாது. துடைக்காமல் ஒட்டிய குண்டுகள் மறுநாளே கையோடு வந்துவிட்டன. ஒவ்வொன்றின் பின்னாலும் வெள்ளை அட்டை வைப்பது அவசியம். இல்லாவிட்டால் 6 மி.மீ. பூமியை நான்கு அடி தள்ளி நின்றால்கூடக் கண்ணால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சூரியனுக்கு 69.6 செ.மீ. விட்டம் தேவை. உடற்பயிற்சிக்கு விற்கும் 75 செ.மீ. ரப்பர் பந்தை வாங்கி, தையல் டேப்பால் சுற்றளவை அளந்துகொண்டே 218.7 செ.மீ. வரும்வரை காற்றடித்தோம். காலையில் சரியாக இருந்த பந்து, வெயில் ஏறிய பிறகு மூன்று செ.மீ. பெருத்திருந்தது. ஆகவே முதல் நாளே காற்றடித்து வைப்பதில் பயனில்லை. அந்த இடத்திலேயே, மரநிழலில் வைத்து, நடை தொடங்கும் முன்பு அளவைச் சரி செய்ய வேண்டும். காற்றில் உருளாமலிருக்கப் பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்றின் மீது உட்கார வைத்தோம்.

இடத்தைப் பொறுத்தவரை முதலில் நினைத்தது ஏரிக்கரை. நிழலும் இருந்தது, வண்டிகளும் குறைவு. ஆனால் ஏரிக்கரை வில்லாக வளைந்து செல்வது. செவ்வாயைத் தாண்டியதும் சூரியப் பந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கரையோடு நடந்து அளக்கும் தூரமும் சூரியனிலிருந்து நேர்க்கோட்டுத் தூரமும் ஒன்றாக இல்லை. இந்த மாதிரியின் உயிரே ஒவ்வொரு கோளிலிருந்தும் திரும்பிச் சூரியனைப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்பதால், நிழல் இல்லாவிட்டாலும் நேராகச் செல்லும் கால்வாய்க்கரைக்கு மாறினோம்.

அளப்பதற்கு மூன்று கருவிகள் தேவைப்பட்டன. புதன் 29 மீட்டர், வெள்ளி 54.1, பூமி 74.8, செவ்வாய் 114, வியாழன் 389 என்பவற்றை 30 மீட்டர் ஃபைபர் டேப்பாலேயே அளந்தோம். ஒவ்வொரு முறை டேப்பை மாற்றி வைக்கும்போதும் இரண்டு மூன்று செ.மீ. பிழை வந்தாலும், வியாழனிடம் அது அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். சனி 716, யுரேனஸ் 1,435, நெப்டியூன் 2,250 மீட்டர் என்னும்போது டேப்பால் ஆகாது. சைக்கிள் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் முறைக்குப் போனோம். டயரில் 28 அங்குலம் என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர் வரும். ஆள் ஏறி உட்கார்ந்து பத்துச் சுற்று உருட்டி அளந்தபோது ஒரு சுற்றுக்கு 2.19 மீட்டர்தான் வந்தது. வேறுபாடு அற்பமாகத் தெரியும், ஆனால் நெப்டியூன் வரை போனால் 40 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். காற்று அழுத்தம், ஓட்டுபவர் எடை இரண்டும் மாறாமல் அளந்த அளவை மட்டுமே நம்ப வேண்டும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை வாயால் எண்ண முடியாது. பழைய கால்குலேட்டர் ஒன்றைத் திறந்து, சமன்குறிப் பொத்தானின் இரு முனைகளிலும் ஒயர் பற்றவைத்து, அதை முன் ஃபோர்க்கில் கட்டிய ரீட் ஸ்விட்ச்சுடன் (காந்தம் அருகே வந்தால் இணையும் ஸ்விட்ச்) இணைத்தோம். ஸ்போக்கில் ஒரு சிறு காந்தம். 1 + 1 என்று அழுத்திவிட்டு ஓட்டினால், காந்தம் ஸ்விட்ச்சைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் எண் ஒன்று கூடும்; கடைசியில் வரும் எண்ணிலிருந்து 1 ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். முதலில் சில சுற்றுகளுக்கு இரண்டிரண்டாக எண்ணியது. காந்தத்தை 90 பாகை திருப்பி ஒட்டி, இடைவெளியை 5 மி.மீ. ஆக்கியதும் அது நின்றது. மிதவேகத்தில் ஓட்டினால் கால்குலேட்டர் ஒரு சுற்றையும் விடுவதில்லை. நெப்டியூனுக்கு 1,027 சுற்று. அங்கே கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டிய தூரமும் பத்து மீட்டருக்குள் ஒத்துவந்தது. அந்த ஜிபிஎஸ்ஸையே புதனுக்கும் பூமிக்கும் பயன்படுத்தக்கூடாது. அதன் பிழை அங்கே கோள்களின் இடைவெளியோடு போட்டிபோடும்.

பூமிக் கம்பத்தில் நின்று சூரியப் பந்தைப் பார்த்தால், வானத்துச் சூரியன் எந்த அளவு தெரியுமோ அதே அளவுதான் தெரியும். அரைப் பாகைக்குச் சற்று மேல். மாதிரி சரியாக அமைந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நெப்டியூனிலிருந்து பார்த்தால் அதே பந்து பாகையில் அறுபதில் ஒரு பங்கு; மனிதக் கண் வடிவம் பிரித்தறியும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. பகலில் பந்து அங்கிருந்து தெரியவேயில்லை. மாலையில் பந்தின் இடத்தில் 50 வாட் எல்இடி விளக்கை ஏற்றியபோது ஒரு புள்ளி தெரிந்தது. பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் 900 இல் ஒரு பங்குதான் நெப்டியூனுக்குக் கிடைக்கிறது என்பதை அங்கே நின்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த அளவுகோலில் ஒளி நொடிக்கு 15 செ.மீ. நகரும். சூரியனிலிருந்து பூமி வரை தரையில் 15 செ.மீ. இடைவெளியில் சுண்ணாம்புக் கோடுகள் போட்டு, நொடிக்கு ஒரு கோடு என்று ஒரு மாணவி நடந்தாள். 8 நிமிடம் 19 நொடி ஆக வேண்டிய நடை 8 நிமிடம் 30 நொடியில் முடிந்தது. கூட நின்ற பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒளியைவிட வேகமாகப் போவது எதுவும் இல்லை என்று படித்திருந்தவர்கள் அந்த வேகம் இவ்வளவு மெதுவா என்று கேட்டார்கள். நெப்டியூன் வரை அப்படியே நடந்தால் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நாம் அனுப்பிய கலங்களையும் இதே அளவில் குறித்தோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய நிலவு, பூமிக் குண்டிலிருந்து 19.2 செ.மீ. தள்ளி இருக்கிறது. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று வேலை செய்கிறது. மாதிரியில் அது 75 செ.மீ. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள 74.8 மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. அந்த இடத்தில் குத்திய சிறு கொடியைப் பார்த்ததும் பெரியவர்கள்கூட மறுபடி டேப்பை வைத்து அளக்கச் சொன்னார்கள். 1977 இல் கிளம்பிய வாயேஜர்-1 இன்று 2,500 கோடி கி.மீ. க்கு அப்பால் இருக்கிறது. அதற்குக் கொடி குத்த 12.5 கி.மீ. க்கும் மேலே போக வேண்டும். நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் ஓடும் அந்தக் கலம் நம் சாலையில் ஒரு நாளைக்கு 73 செ.மீ. நகரும். யுரேனஸ் கம்பத்தில் காவலூர் வானாய்வகத்தைப் பற்றி எழுதி வைத்தோம்: 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோதுதான் அதன் வளையங்கள் வெளிப்பட்டன, அந்நிகழ்வை நோக்கிப் பதிவு செய்த இடங்களில் நம் ஜவ்வாது மலைக் காவலூரும் ஒன்று.

கிரகணத்தைக் காட்ட எடுத்த முயற்சி நினைத்தபடி அமையவில்லை. நிலவுக்கு 1.74 மி.மீ. வேண்டும், 3டி பிரிண்டரில் போடும் பிளாஸ்டிக் இழை 1.75 மி.மீ. தடிமன் என்பதால் அதில் ஒரு துண்டு வெட்டி, வட்ட முகம் கண்ணை நோக்கும்படி 19.2 செ.மீ. தள்ளிப் பிடித்தால் சூரியப் பந்து மறைய வேண்டும் என்பது கணக்கு. மறையவில்லை, மங்கல்தான் ஆயிற்று. பகலில் கண்ணின் பாவை 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும், நிலவே அதைவிடச் சிறியது, ஆகவே இருபுறமும் ஒளி உள்ளே வந்துவிடுகிறது. அட்டையில் ஊசியால் அரை மி.மீ. துளையிட்டு அதன் வழியே பார்த்தபோதும், இழையை 13 செ.மீ. வரை அருகில் கொண்டுவந்த பிறகே பந்து முழுதாக மறைந்தது. அரை மி.மீ. துளை என்பது பூமியின் மீது 1,000 கி.மீ. அகலம்; உண்மை நிலவின் முழுநிழல் பொதுவாக நூறு, இருநூறு கி.மீ. அகலத்தில்தான் பூமியில் விழுகிறது. முழுக் கிரகணம் ஏன் ஒரு குறுகிய பட்டையில் வாழ்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது என்பதற்கு இந்தத் தோல்வியே விளக்கமாயிற்று. அடுத்த முறை இதை வேறுவிதமாகச் செய்ய வேண்டும்: நிலவு தன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 110 மடங்கு தொலைவில் இருப்பதால், 7.2 செ.மீ. கிரிக்கெட் பந்தை 7.9 மீட்டர் தள்ளிப் பிடித்தால் அது பௌர்ணமி நிலவை மறைக்கும். பாவையின் அகலம் அங்கே பெரிய பிழையைத் தராது. வெயிலைப் பார்க்க வேண்டியதும் இல்லை.

அடுத்தது பிரபஞ்சத் தொடக்கத்தின் கதை. அதைச் சாலையின் அளவுகோலில் சொல்ல முடியாது. நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி இந்த அளவில் 20,000 கி.மீ. தொலைவு, அதாவது உண்மையான பூமிப் பந்தின் நேர் மறுபக்கம். பால்வீதிக்கோ பூமியிலும் இடம் போதாது. ஆகவே தொலைவை விட்டுவிட்டுக் காலத்துக்குத் தனி அளவுகோல் வைத்தோம்: 1 மீட்டருக்கு 10 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, எனவே 138 மீட்டர். முதலில் வாங்கிய நைலான் கயிறு இழுக்க இழுக்க மூன்று மீட்டர் வரை நீண்டது. தார்ப்பாய் தைக்கும் கடையில் விற்கும் பாலியஸ்டர் நாடாவை வாங்கி, இழுக்காமல் தரையில் விரித்து, கற்களை மேலே வைத்து, ஃபைபர் டேப்பைப் பக்கத்தில் கிடத்தி மார்க்கரால் குறித்தோம்.

பெருவெடிப்புக்குப் பின் 3,80,000 ஆண்டில் ஒளி தடையின்றிப் பரவத் தொடங்கியது. 1964 இல் பென்சியாசும் வில்சனும் தங்கள் கொம்பு வடிவ ஆன்டெனாவில் பிடித்த பின்னணிக் கதிர்வீச்சு அந்தக் காலத்து ஒளியே. நாடாவில் அது 3.8 மி.மீ. முதல் கோட்டின் தடிமனே 2 மி.மீ. இருந்ததால், அங்கே மட்டும் ஊசிமுனைப் பேனாவுக்கு மாறினோம். ஹைட்ரஜன், ஹீலியம் அணுக்கருக்கள் உருவான முதல் சில நிமிடங்களை எந்தப் பேனாவாலும் குறிக்க முடியாது. முதல் விண்மீன்கள் ஒன்று, இரண்டு மீட்டருக்குள் வந்துவிடுகின்றன. பிறகு 92 மீட்டர் வரை நம் சூரியன் இல்லை. விண்கற்களில் உள்ள மிகப் பழைய துகள்களின் வயது 456.7 கோடி ஆண்டு. கடைசி முனையிலிருந்து 45.67 மீட்டரில் சூரியக் குடும்பத்தின் தொடக்கமாக அதைக் குறித்தோம். பூமியின் குறி அதற்கு அடுத்த அரை மீட்டருக்குள் வருகிறது. பூமியாக வைத்த எஃகுக் குண்டை இந்த இடத்தில் கையில் கொடுத்து, அதன் இரும்பு அதற்கு முந்தைய 92 மீட்டரில் வாழ்ந்து மடிந்த விண்மீன்களில் உருவானது என்று சொன்னபோது, இரண்டு மாதிரிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. சூரியனைச் சுற்றிய வாயுவும் தூசும் சேர்ந்த தட்டில், வெப்பம் மிகுந்த உட்பகுதியில் பாறையும் இரும்பும் மட்டும் திரள முடிந்தது. பனி உறையும் தொலைவுக்கு அப்பால் வியாழன் போன்றவை பெருத்தன. எஃகுக் குண்டுகள் எல்லாம் 114 மீட்டருக்குள்ளும் பெரிய பந்துகள் 389 மீட்டருக்கு அப்பாலும் நிற்பதன் காரணம் அதுதான்.

டைனோசர்களின் அழிவு கடைசி முனையிலிருந்து 66 செ.மீ. நம் இனம் 3 மி.மீ. ஒரு வெள்ளைத் தாளின் தடிமன் 10,000 ஆண்டு. சங்கப் பாடல்கள் தோன்றி 2,000 ஆண்டு என்றால் அந்தத் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு.

பெருவெடிப்பு நிகழ்ந்த இடம் எது என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் எழுந்தது. அதற்கு ஓர் அங்குல அகலத் தையல் எலாஸ்டிக்கில் 10 செ.மீ. க்கு ஒரு கோடு போட்டு, இடைவெளி 15 செ.மீ. ஆகும்வரை இழுத்து அளந்தோம். எந்தக் கோட்டில் நின்று பார்த்தாலும் அடுத்தது 5 செ.மீ., அதற்கடுத்தது 10 செ.மீ. விலகியிருக்கும், மையம் என்று எதையும் சுட்ட முடியாது. 1929 இல் ஹபிள் வெளியிட்ட உறவும் அதுவே: தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது. கை பிடிக்கும் முனைகளில் எலாஸ்டிக் சீராக நீள்வதில்லை என்பதால், இரு முனைகளிலும் ஒரு சாண் விட்டுவிட்டு நடுவில் மட்டும் கோடு போட வேண்டும்.

மொத்தச் செலவு 3,000 ரூபாய்க்குள் அடங்கியது. ரப்பர் பந்தும் நாடாவும் சேர்ந்தே அதில் பாதிக்கு மேல். குண்டுகளுக்கு 150 ரூபாய், கடைசல் கூலி 200 ரூபாய், மீதி அட்டையும் பசையும் சில்லறையும். அடுத்த முறை பந்துக்குப் பதிலாக 70 செ.மீ. ஒட்டுப்பலகை வட்டத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து நிறுத்துவேன். வெயிலில் பெருக்காது, தொலைவிலிருந்து வேறுபாடும் தெரியாது. நடையின் திசையையும் மாற்றுவேன். சாலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வியாழனுக்கு அப்பால் இருப்பதால், சூரியனிலிருந்து கிளம்பிய பிள்ளைகள் சனிக்குப் பிறகு களைத்துவிட்டார்கள். அவர்களை வண்டியில் நெப்டியூனில் இறக்கி, அங்கிருந்து உள்நோக்கி நடக்க வைத்தால், 800 மீட்டருக்கு ஒன்றாக இருந்த கம்பங்கள் போகப் போக நெருங்கி வரும், சூரியனும் கண்ணெதிரே வளர்ந்துகொண்டே வரும். நாடாவையும் சூரியனுக்குப் பக்கத்திலேயே விரித்து வைத்துவிட்டால் மறுபடி நடக்கச் சொல்ல வேண்டியிருக்காது.